விரல் துடிப்பில் மூளையை அளப்பது: டிக் உள்ள பிள்ளைகளுக்கு டி.எம்.எஸ். பரிசோதனை செய்யும் முறை

கண்ணை வெட்டி வெட்டிச் சிமிட்டும், தோளைக் குலுக்கும், தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கும் பிள்ளையைக் குமரி மாவட்டத்து வீடுகளில் முதலில் ‘சேட்டை’ என்றுதான் நினைப்பார்கள். “வேணும்னே செய்யான்” என்பார் அம்மா. வகுப்பில் அதட்டு விழும். பிறகு ஓதிக் கட்டிய கயிறு, அல்லது ஜெபம். இதையெல்லாம் கடந்து நரம்பியல் ஓ.பி.க்கு வரும்போதுதான் ‘டிக்’ என்ற சொல் அந்த வீட்டுக்குள் நுழைகிறது. டிக் சேட்டை அல்ல. பிள்ளையால் அதைக் கொஞ்ச நேரம் அடக்க முடியும். ஆனால் தும்மலை அடக்குவதுபோல உள்ளே ஓர் உந்துதல் ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலும் 5 முதல் 7 வயதில் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்ம வயதின் கடைசியில் பலருக்குத் தணிந்துவிடும். அசைவு டிக்குகள் பலவும் குரல் டிக் ஒன்றாவதும் இருந்து, 18 வயதுக்கு முன் தொடங்கி ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதற்குப் பெயர் டூரெட் சிண்ட்ரோம். 1885-ல் அதை விவரித்து எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஜில் டி லா டூரெட்டின் பெயர் அது.

இந்தப் பிள்ளைகளின் மோட்டார் கார்டெக்ஸ், அதாவது உடலசைவுக்குக் கட்டளை அனுப்பும் மூளைப் பகுதி, எப்படி வேலை செய்கிறது என்பதை, மண்டைக்கு வெளியிலிருந்தே காந்தத் துடிப்பு கொடுக்கும் டி.எம்.எஸ். கருவியால் அளக்கலாம். மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவர்களுக்கும், தசையின் மின்னலையைப் பதிவு செய்யும் இ.எம்.ஜி. டெக்னீஷியன்களுக்கும், பிசியோதெரபிஸ்டுகளுக்கும் இந்தக் குறிப்பு. கருவியை இயக்குவதைச் சீக்கிரம் பழகிவிடலாம். டிக் உள்ள ஒரு பிள்ளையைப் பயமில்லாமல், கை தளர்ந்து, முக்கால் மணி நேரம் உட்காரவைப்பதுதான் கடினம். அளவு கெட்டுப்போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

எதை அளக்கிறோம்

1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடன் இருந்தவர்களும் இந்த முறையைக் காட்டினார்கள். செம்புக் கம்பிச் சுருளான காயிலுக்குள் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவான நேரத்துக்கு வலுவான மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் எழுகிறது. மண்டை ஓடு அதைத் தடுப்பதில்லை. அது மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். காயில் கைக்குரிய இடத்தின் மேல் இருந்தால் எதிர்ப்பக்கத்து விரல் துள்ளும். தசையில் ஒட்டிய எலக்ட்ரோடு அந்தத் துள்ளலை அலையாகப் பதிவு செய்யும். துடிப்பு கொடுத்து ஏறக்குறைய 20 மில்லிசெகண்டில் வரும் இந்த அலைதான் எம்.இ.பி.

ஒற்றைத் துடிப்பில் கிடைப்பது மூளையிலிருந்து தசை வரையான பாதையின் உணர்திறன். மூளை தன்னைத்தானே எவ்வளவு அடக்கிவைக்கிறது என்பதை அறிய இரட்டைத் துடிப்பு வேண்டும். முதலில் விரலை அசைக்காத அளவுக்கு மெல்லிய துடிப்பு, 3 மில்லிசெகண்ட் கழித்துப் பலமான துடிப்பு. முதல் துடிப்பு கார்டெக்ஸுக்குள் இருக்கும் காபா-ஏ வகைத் தடுப்பு நரம்பணுக்களை (காபா என்பது மூளையில் அடக்கும் வேலை செய்யும் ரசாயனம்) எழுப்பிவிடுவதால் இரண்டாவது துடிப்பின் அலை சிறுத்துப்போகும். குஜிராயும் உடன் உழைத்தவர்களும் 1993-ல் விவரித்த இந்த அளவை எஸ்.ஐ.சி.ஐ. என்பார்கள். இடைவெளியை 10 மில்லிசெகண்ட் ஆக்கினால் மாறாக அலை பெருக்கும், அது ஐ.சி.எஃப். மூன்றாவதாக, கையை இறுக்கிப் பிடித்திருக்கும்போது துடிப்பு கொடுத்தால் எம்.இ.பி.க்குப் பின் தசை சிறிது நேரம் மௌனமாகும். அந்த மௌன நேரத்தின் நீளம் பெரும்பாலும் காபா-பி வகைத் தடுப்பைக் காட்டுகிறது.

டூரெட் உள்ளவர்களுக்கு த்ரெஷோல்டு, அதாவது தசையில் அலை எழத் தேவையான மிகக் குறைந்த பலம், மாறவில்லை, ஆனால் எஸ்.ஐ.சி.ஐ. குறைவு, மௌன நேரமும் குறைவு என்று 1997-ல் சீமனும் அவர் குழுவும் காட்டினார்கள். பிரேக் கொஞ்சம் தேய்ந்த வண்டி போல என்று பெற்றோருக்கு விளக்கலாம். அதற்குப் பின் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பதிலைத் தரவில்லை, அதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. டிக் உள்ள பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஏ.டி.எச்.டி.யும், அதாவது கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும், கூடவே இருக்கும். எஸ்.ஐ.சி.ஐ. குறைவு பல ஆய்வுகளில் டிக்கின் கடுமையைவிட ஏ.டி.எச்.டி.யின் கடுமையோடுதான் அதிகம் ஒட்டி நின்றது. ஆகவே டிக்கை மட்டும் மதிப்பிட்டு ஏ.டி.எச்.டி. மதிப்பெண் வாங்காமல் செய்த ஆய்வு பாதி ஆய்வுதான்.

பிள்ளை வருவதற்கு முன்

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாமல் ஒரு துடிப்புகூடக் கொடுக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி, பெற்றோர் கையெழுத்துடன் 7 முதல் 11 வயதுப் பிள்ளையிடம் பெற்றோர் முன்னிலையில் வாய்மொழிச் சம்மதமும், 12 வயது முதல் எழுத்துச் சம்மதமும் வாங்க வேண்டும். விளவங்கோடு பக்கத்துச் சில வீடுகளில் மலையாளம்தான் பேச்சு. தகவல் தாளை அந்த மொழியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இது சிகிச்சை அல்ல என்பதைப் பெற்றோரிடம் மூன்று தடவையாவது சொல்லுங்கள்: போனில், படிவத்தில், நேரில். மண்டையில் காந்தம் வைக்கிறார்கள் என்றதும் ‘சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை தானாக வரும். அசைவைத் திட்டமிடும் எஸ்.எம்.ஏ. என்ற மூளைப் பகுதிக்கு நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் தொடர்ந்து கொடுத்து டிக்கைக் குறைக்க முடியுமா என்று பார்க்கும் ஆய்வுகள் உண்டு. அவை வேறு வகை, இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. நம்முடையது வெறும் அளவீடு. நாகர்கோவிலுக்கு இரண்டு பஸ் மாறி வரும் தாயிடம் இதை மழுப்பினால் அது ஏமாற்று வேலை.

வடிகட்டும் கேள்விகள்: தலைக்குள் உலோகம், காக்ளியர் இம்பிளான்ட், பேஸ்மேக்கர், வேகஸ் நரம்புத் தூண்டி, வலிப்பு நோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் சேர்க்க வேண்டாம். குடும்பத்தில் வலிப்பு, தலையில் அடிபட்டு நினைவு தப்பியது, மயக்கம் போடும் பழக்கம் ஆகியவற்றை எழுதி, பொறுப்பு மருத்துவரிடம் காட்டி முடிவெடுங்கள். குளோனிடின், ரிஸ்பெரிடோன், அரிபிபிரசோல், மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகளைச் சாப்பிட்டால் அளவும் கடைசியாகச் சாப்பிட்ட மணியும் குறியுங்கள். நம் ஆய்வுக்காக மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

டிக்தானா என்பதையும் நரம்பியல் மருத்துவர் உறுதி செய்திருக்க வேண்டும். மூட்டு வாதக் காய்ச்சலுக்குப் பின் வரும் கொரியாவில் அசைவு ஒரே மாதிரி திரும்ப வராது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வழுக்கிக்கொண்டே போகும், பிள்ளையால் அடக்கவும் முடியாது. கண் சிமிட்டலுக்குக் கண் அலர்ஜியோ பார்வைக் குறைபாடோ காரணமாக இருக்கலாம். கடுமையை அளக்க யேல் குளோபல் டிக் அளவுகோல்: அசைவுக்கு 25, குரலுக்கு 25, அன்றாட வாழ்வில் ஏற்படும் இடர்ப்பாட்டுக்கு 50. கேட்கும்போது ‘டிக்’ என்று கேட்டால் பதில் வராது. “கண்ணை வெட்டுவானா, மூக்கை உறிஞ்சுவானா, தோளைச் சாடிப்பானா, செருமுவானா, கழுத்தை ஒரு பக்கமா இழுப்பானா” என்று வீட்டுச் சொல்லில் கேளுங்கள். கடந்த ஒரு வாரத்தைத்தான் கேட்கிறோம் என்பதையும் நினைவூட்டுங்கள்.

வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவை ஐந்து. முந்தின இரவே தலை குளித்துவிட வேண்டும். காலையில் தேங்காய் எண்ணெய் கூடாது, கையிலும் தேய்க்கக் கூடாது. நன்றாகத் தூங்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், காலைக் காப்பியும் தேயிலையும் மட்டும் அன்று வேண்டாம். ரெட்டைச் சடை பின்னி வர வேண்டாம், தாழ ஒற்றையாகக் கட்டினால் போதும். சடை முடிச்சு காயிலுக்குக் கீழே வந்தால் காயில் ஒரு சென்டிமீட்டர் தூக்கி நிற்கும், அந்த ஒரு சென்டிமீட்டரில் துடிப்பின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆறுகாணியிலிருந்தோ நீரோடியிலிருந்தோ முதல் பஸ் பிடித்து வரும் பிள்ளையைக் காலை 9 மணிக்கு வரச் சொல்லாதீர்கள். தூக்கம் கெட்ட மூளை வலிப்புக்குக் கொஞ்சம் நெருக்கத்தில் இருக்கும், உட்கார்ந்ததும் கண்ணும் சொக்கும். 11 மணி சரியாக இருக்கும்.

அறையும் கரண்டும்

ஸ்டிமுலேட்டர் சார்ஜ் ஆகும்போது நிறையக் கரண்ட் இழுக்கும். அதற்குத் தனி 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும், சின்ன யு.பி.எஸ்.ஸில் மாட்டினால் அது கத்திக்கொண்டு நின்றுவிடும். யு.பி.எஸ். கம்ப்யூட்டருக்கும் இ.எம்.ஜி. ஆம்பிளிஃபயருக்கும் மட்டும். இடவப்பாதியிலும் (தென்மேற்குப் பருவமழை) துலா மழையிலும் (வடகிழக்குப் பருவமழை) கரண்ட் போய்ப் போய் வரும், அந்த மாதங்களில் இடியோடு மழை பிடித்தால் அன்றைய அளவீட்டைத் தள்ளிவையுங்கள்.

திரையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஓடினால் அந்த அலைவரிசையை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் போட்டு மறைக்காதீர்கள். துடிப்பால் பதிவில் விழும் போலி அலை (ஆர்ட்டிஃபாக்ட்) அந்த ஃபில்டருக்குள் போய் அலையலையாக நீண்டு எம்.இ.பி.யின் வடிவத்தையே கெடுத்துவிடும். ஃபேன், டியூப்லைட், போன் சார்ஜர் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எலக்ட்ரோடு ஒயர்களை ஒன்றாக முறுக்கிவிடுங்கள், கிரவுண்டு எலக்ட்ரோடில் ஜெல் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேனை நிறுத்தினால் நம்மூர்ப் புழுக்கத்தில் கை வேர்த்து எலக்ட்ரோடு கழன்றுவரும். ஆகவே ஏசி அறைதான் வேண்டும். இ.எம்.ஜி. செட்டிங்: 20 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை ஃபில்டர், நொடிக்கு 5000 சாம்பிள்.

பிள்ளையிடம் பேசுவது

முதலில் காயிலைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கவிடுங்கள். பிறகு நம் முன்கையிலேயே குறைந்த பலத்தில் ஒரு துடிப்பு கொடுத்துக் காட்டுங்கள். பெரிய விளக்கம் தேவையில்லை. இந்த அளவு போதும்:

“மக்களே, இந்த எட்டு மாதிரி வளைஞ்சிருக்கது ஒரு காந்தம். உன் தலைக்கிட்ட வச்சு பட்டனை அமுக்குவோம். டக்குன்னு சத்தம் கேக்கும், அதுக்குத்தான் காதுல இதை வைக்கோம். தலையில விரலால சுண்டினது போல இருக்கும். உன் விரல் தானா ஒரு சாட்டம் சாடும். நீ ஒண்ணும் செய்யாண்டாம். போதும்னு தோணிச்சுன்னா சொல்லு, அப்பமே நிறுத்திருவோம்.”

டிக்கை அடக்கு என்று சொல்லவே கூடாது. கூட வந்த அப்பா பின்னாலிருந்து “ஆடாம இருலே” என்று சொன்னாலும் அன்றைய அளவு வேறாகிவிடும். அடக்குவதும் மோட்டார் கார்டெக்ஸின் ஒரு வேலைதான், அது நடக்கும்போது உணர்திறனும் மாறலாம். “வந்தா வரட்டும், அது எங்களுக்குப் பிரச்சனை இல்ல” என்று எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். டிக் இல்லாத ஒப்பீட்டுப் பிள்ளைகளிடமும் அசைவைப் பற்றி வேறு எதுவும் சொல்லாதீர்கள்.

கம்மல், மூக்குத்தி, ஹேர் கிளிப், கழுத்துச் சங்கிலி, தாயத்து எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில். கழுத்துக் கயிற்றைக் கழற்றப் பாட்டி தயங்கினால் கட்டாயப்படுத்த வேண்டாம். வெறும் நூலென்றால் இருந்துவிட்டுப் போகட்டும், தகடு கோத்திருந்தால் மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். போனும் ஏ.டி.எம். கார்டும் காயிலுக்கு ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். பிள்ளைக்கும், பெற்றோருக்கும், காயில் பிடிப்பவருக்கும் இயர்பிளக். பெரியவர் அளவுப் பிளக் சின்னக் காதில் நிற்காது. வெளியே விழுந்தால் அதற்கு மேல் இயர்மஃப் போடுங்கள்.

எலக்ட்ரோடும் இடமும்

பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து அமுக்கச் சொன்னால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மேடு எழும். எஃப்.டி.ஐ. தசை அதுதான். மேட்டின் உச்சியில் ஆக்டிவ் எலக்ட்ரோடு, ஆட்காட்டி விரலின் மூட்டெலும்பில் ரெஃபரன்ஸ், மணிக்கட்டு எலும்பில் கிரவுண்டு. ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் துடைத்து, தோல் தேய்க்கும் ஜெல்லால் நான்கைந்து தடவை மெதுவாகத் தேய்த்து, காயவிடுங்கள். பிள்ளையின் கை சின்னது. பெரியவருக்கான ஒட்டு எலக்ட்ரோடின் ஓரங்கள் ஒன்றையொன்று தொடும், தொட்டால் அலை சுருங்கும். ஓரத்தைக் கத்தரித்துக்கொள்ளலாம். மேலே மைக்ரோபோர் ஒட்டுங்கள்.

தலையில் நீச்சல் தொப்பி மாட்டி, புருவங்களுக்கு நடுவே மூக்குக் குழியிலிருந்து பின்மண்டை எலும்பு மேடு வரை டேப்பால் அளந்து பாதியைக் குறியுங்கள். பிறகு ஒரு காதின் முன்மடிப்பிலிருந்து மறு காது வரை அளந்து பாதியைக் குறியுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடம் உச்சி. வலது கையை அளப்பதானால் உச்சியிலிருந்து இடப்பக்கம், காதுக்குக் காது தூரத்தில் 20 சதவீதம் போங்கள். அந்தத் தூரம் 34 செ.மீ. என்றால் 6.8 செ.மீ. தேடல் அங்கிருந்து தொடங்கும். சுற்றிலும் 1 செ.மீ. கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் கொஞ்சம் முன்னாலோ உள்பக்கமாகவோ நல்ல இடம் அகப்படும்.

எட்டு வடிவக் காயிலின் நடுப்பகுதி மண்டையைத் தொட்டு, கைப்பிடி பின்னோக்கியும் வெளிநோக்கியும் 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். கருவியின் முழுப் பலத்தில் 40 சதவீதத்தில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றுங்கள். விரல் சாடும் இடம் தெரிந்ததும் சுற்றியுள்ள ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று துடிப்பு கொடுத்து, எங்கே அலை பெரிதோ அதை ஹாட்ஸ்பாட் என்று எடுத்துக் காயிலின் ஓரத்தைத் தொப்பியில் பேனாவால் வரைந்துவிடுங்கள். காயில் நிற்கும் இடத்தைக் காட்டும் நேவிகேஷன் கேமரா இல்லாத இடத்தில் அந்தக் கோடுதான் வழிகாட்டி. ஸ்டாண்டில் காயிலை மாட்டுவதை டிக் உள்ள பிள்ளைக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கழுத்து டிக் வந்தால் தலை நகரும், ஸ்டாண்டு நகராது. கையால் பிடிப்பவர் தலையோடு கூடவே போகலாம். ஆனால் கை கடுக்கும், 20 துடிப்புக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.

த்ரெஷோல்டு

கை முழுக்கத் தளர்ந்திருக்கும்போது, 10 துடிப்பில் 5-லாவது 50 மைக்ரோவோல்ட்டோ அதற்கு மேலோ எம்.இ.பி. தரும் மிகக் குறைந்த பலம்தான் ஓய்வு த்ரெஷோல்டு. மேலிருந்து 2 சதவீதமாக இறங்கி வாருங்கள். கை உண்மையில் தளர்ந்திருக்கிறதா என்பதைத் திரையிலும் ஸ்பீக்கர் ஒலியிலும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். கொஞ்சம் இறுகினாலும் த்ரெஷோல்டு பொய்யாக இறங்கிவிடும். மடியில் தலையணை வைத்துக் கையை அதன் மேல் கிடத்தினால் நன்றாகத் தளரும்.

பெரியவர்களை அளந்து பழகியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பிள்ளைகளின் த்ரெஷோல்டு பெரியவர்களைவிட அதிகம். வளர வளர இறங்கி, பதின்ம வயதின் நடுவில்தான் பெரியவர் அளவுக்கு வரும். த்ரெஷோல்டு 62 என்றால் அதன் 120 சதவீதம் 74, வேலை நடக்கும். 85 என்றால் 102 வேண்டும், கருவியில் 100-க்கு மேல் கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் இரட்டைத் துடிப்பை வலுக்கட்டாயமாகச் செய்து பாதி அலையை எழுதி வைக்காதீர்கள். த்ரெஷோல்டையும், கையை லேசாக இறுக்கிய நிலையில் மௌன நேரத்தையும் எடுத்துக்கொண்டு, மீதி ‘அளக்க இயலவில்லை’ என்று எழுதுங்கள். சின்ன வயதுப் பிள்ளைகள்தான் இப்படி விடுபடுவார்கள் என்பதால் எத்தனை பேர், என்ன வயது என்பதை முடிவில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரட்டைத் துடிப்புக்கு இரண்டு ஸ்டிமுலேட்டர்களை இணைத்திருந்தால், த்ரெஷோல்டையும் அதே இணைப்பில் எடுங்கள். தனிக் கருவியில் எடுத்த எண் இணைப்பில் அப்படியே பொருந்தாது.

இரட்டைத் துடிப்பு

முதல் துடிப்பு த்ரெஷோல்டின் 70 சதவீதம், இரண்டாவது 120 சதவீதம். மேலே சொன்ன, த்ரெஷோல்டு 62 உள்ள பிள்ளைக்கு 43-ம் 74-ம். தனித் துடிப்பு 20, 3 மில்லிசெகண்ட் ஜோடி 20, 10 மில்லிசெகண்ட் ஜோடி 20. மூன்றையும் கலந்து குலுக்கி, 20 கொண்ட மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள். துடிப்புகளுக்கு இடையே சராசரி 6 நொடி, அதிலும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, பிள்ளை எதிர்பார்க்க முடியாதபடி. பகுதி ஒன்றுக்கு 2 நிமிடம்தான் ஆகும், நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கட்டும். துடிப்பு நேரத்தில் போன் கேம் வேண்டாம், விரல் சும்மா இருக்காது. எதிர்ச்சுவரில் படம் ஒன்று ஒட்டி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் சொக்கினால் பேச்சுக் கொடுத்து எழுப்புங்கள்.

ஒருவர் கருவியில், ஒருவர் காயிலில், மூன்றாமவர் பிள்ளையின் முகத்தில் கண் வைத்து டிக் வரும்போதெல்லாம் ஒரு விசையை அமுக்க வேண்டும். மூன்றாவது ஆள் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். டிக் வரும்போது துடிப்பை இரண்டு மூன்று நொடி நிறுத்திவைத்து, தசை அமைதியான பிறகு கொடுங்கள். துடிப்புக்கு முந்தைய 100 மில்லிசெகண்டில் தசை இரைச்சல் இருந்தால் அந்தப் பதிவைத் தள்ளிவிட வேண்டும். தள்ளும் வரம்பை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். தள்ளும் வேலையைச் செய்பவருக்கு எந்தப் பிள்ளைக்கு டிக் என்பது தெரியக் கூடாது. மூன்று வகைத் துடிப்புகளில் ஏதாவது ஒன்றில் மிஞ்சும் பதிவு 12-க்குக் கீழே போனால் இன்னொரு பகுதி எடுங்கள்.

கணக்கு எளிது. தனித் துடிப்பின் சராசரி 1.0 மில்லிவோல்ட், 3 மில்லிசெகண்ட் ஜோடியின் சராசரி 0.4 என்றால் விகிதம் 0.4, அதாவது 60 சதவீதம் அடங்கியிருக்கிறது. விகிதம் 1-ஐ நெருங்க நெருங்கத் தடுப்பு குறைவு. தனித் துடிப்பின் அலை ஒரு குழுவில் 1.0, இன்னொரு குழுவில் 0.3 என்றிருந்தால் இரண்டு விகிதங்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை, ஏனென்றால் அலையின் அளவைப் பொறுத்தே தடுப்பும் மாறும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடத் தடுப்பு குறைவாகவே இருப்பதால் ஒப்பீட்டுக் குழுவின் வயதும் பொருந்த வேண்டும்.

ஏதாவது ஆனால்

ஒற்றை, இரட்டைத் துடிப்பில் வலிப்பு வருவது மிக அரிது. மயக்கம் அதைவிட அடிக்கடி வரும். பசியும் பயமும் சேர்ந்தால் முகம் வெளுத்து வேர்க்கும். உடனே நிறுத்தி, படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். வலிப்பென்றால் பக்கவாட்டில் திருப்பி, வாயில் எதையும் திணிக்காமல், நேரம் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் மூக்கில் மிடாசோலம். ஆக்சிஜன், சக்ஷன், மிடாசோலம் ஸ்பிரே, அதைக் கொடுக்கத் தெரிந்த மருத்துவர் எல்லாம் அதே அறையில். அவசரப் பிரிவு அடுத்த கட்டிடத்தில் இருப்பது போதாது.

முடிந்ததும் தலைவலி, காதடைப்பு, கழுத்து வலி உண்டா என்று கேட்டு எழுதுங்கள். தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும். மறுநாள் போனில் ஒருமுறை விசாரியுங்கள்.

எலக்ட்ரோடைக் கழற்றும்போதே பெற்றோர் கேட்பார்கள்: “மூளையில ஏதாவது கோளாறு உண்டா?” ஒரு பிள்ளையின் விகிதத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது; பல பிள்ளைகளின் சராசரியில் மட்டுமே இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. அதை அப்படியே சொல்லுங்கள். பிறகு அவர்களுக்கு உண்மையில் பயன்படுவதைச் சொல்லுங்கள்: உந்துதலை முன்கூட்டி உணர்ந்து, அதற்கு எதிரான அசைவைச் செய்யப் பழக்கும் சி.பி.ஐ.டி. பயிற்சி 10 வாரத்தில் 8 அமர்வு. 2010-ல் 126 பிள்ளைகளிடம் சோதித்து, பலன் உண்டு என்று கண்டார்கள். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. பள்ளிக்கு, “இது வேண்டுமென்றே செய்வது அல்ல, அதட்ட வேண்டாம், பரீட்சையில் கூடுதல் நேரம் கொடுங்கள்” என்று தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, மருத்துவரின் கையெழுத்தும் சீலும் வாங்கி அன்றே கையில் கொடுத்தனுப்புங்கள்.